மேசை நனையாமல் இருக்கிறதா

லுண்ட்ஹாவ்ன், 9 மார்ச் 1987

அன்புள்ள ஆஸ்டா அக்காவுக்கு,

நான் நலம். நீயும் ஹானுஸ் அத்தானும் நலமா? அத்தானின் முழங்கால் படியேறுகிறதா? இங்கே பனி உருகிவிட்டது. மூன்று மாதமாக அது மறைத்து வைத்திருந்த கரித்தூள் எல்லாம் இப்போது தெருவில் தெரிகிறது.

வியாழக்கிழமை எங்கள் வெப்பக் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து நிலக்கரி கிடையாது, கழிவு மரத்தை எரித்துத்தான் ஊர் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரை அனுப்புவது என்று முடிவு. ஆதரவு 212. எதிர்ப்பு 9. தீர்மானிக்காதவர் ஒருவர். அந்த ஒருவர் நான். முப்பத்தோரு ஆண்டு அந்தக் கொதிகலனுக்குத் தீனி போட்டவன், அதற்கு எதிராகக் கை தூக்குவது மரியாதையாக இல்லை. நிலக்கரிக்கு ஆதரவாகத் தூக்கினால் ஊர் சிரிக்கும். கையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

தலைவர் அன்கர் பிலே எழுந்து, "நிலக்கரிக்கு நாம நன்றி சொல்லணும். சொல்லிட்டு, விட்டுடணும்" என்றார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரை வழியனுப்பினாலும் அவர் இப்படித்தான் பேசுவார். மரம் எங்கிருந்து வரும் என்று யாரோ கேட்டார்கள். மர அறுவை ஆலையின் ஓரத்துண்டுகள், துறைமுகத்தின் உடைந்த சட்டகங்கள், சவப்பெட்டித் தொழிற்சாலையில் மிஞ்சுவது. உயிரோடு இருப்பவர்களுக்கு மிச்சம், போனவர்களுக்கு நல்ல பலகை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு காபி. பிறகு பாட்டு. எல்லாம் வழக்கம்போல.

நம் தங்கை ரிக்மோரும் வந்திருந்தாள். வெளியே போகும்போது, "உன் காலர்ல கரி" என்றாள். இந்த ஆண்டில் நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மேசை நலம். அம்மாவின் பன்னிரண்டு நாற்காலியும் நலம். கொட்டகையில் தார்ப்பாய்க்குள் இருக்கின்றன.

அன்புத் தம்பி,
ஹெர்லுஃப்


கிளாக்ஸ்விக், 30 மார்ச் 1987

அன்புள்ள தம்பி ஹெர்லுஃபுக்கு,

உன் கடிதம் புயலுக்காக நான்கு நாள் கப்பலிலேயே காத்திருந்து வந்தது. இங்கே இருவரும் நலம். முழங்கால் இறங்குகிறது, ஏற மறுக்கிறது. ஆகவே அவர் பெரும்பாலும் கீழேயே இருக்கிறார்.

தீர்மானிக்காதவர் ஒருவர் என்று படித்தவுடனே அது நீதான் என்று தெரிந்தது. மூன்று வயதில் உனக்கு இரண்டு பன்றிக்குட்டிகளைக் காட்டி எது வேண்டும் என்று அப்பா கேட்டார். நீ அழுதாய்.

மேசை நனையாமல் இருக்கிறதா? கூரையைப் பார்த்துக்கொள். அம்மா கடைசியாகச் சொன்னதை மறக்காதே. "குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறவளுக்குத்தான் இந்த மேசை" என்றாள். அது தான்தான் என்று ரிக்மோர் சொன்னாள். நான்தான் என்று நான் சொன்னேன். பதினோரு ஆண்டாக நாங்கள் பேசவில்லை. அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, உன் கொட்டகையில் இருக்கட்டும் என்றது நியாயமான ஏற்பாடு. அது அப்படியே இருக்க வேண்டும்.

ஊர் மரத்துக்காக அலையும் காலம். உன்னிடம் இருப்பது கழிவு மரம் இல்லை என்பதை நினைவில் வை.

அன்புடன்,
ஆஸ்டா


லுண்ட்ஹாவ்ன், 14 ஜூன் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானுக்குப் பக்கத்து வீட்டுக் கால்நடை மருத்துவர் தந்த களிம்பை இத்துடன் அனுப்புகிறேன். குதிரைகளுக்கானது. ஆனால் முழங்கால் முழங்கால்தானே.

புதிய கொதிகலன் வந்துவிட்டது. பச்சை நிறம். பழையதைவிடச் சிறிது. அதற்கு ஒரு குணம்: தீனியில் ஈரம் இருந்தால் இருமும், சாயம் இருந்தால் விஷப்புகை விடும். ஆகஸ்ட் 28 அன்று ஆய்வாளர் வந்து சோதனை எரிப்பைப் பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் குளிர்காலம் நடக்கும்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் 'மர நாள்' என்று அன்கர் பிலே அறிவித்திருக்கிறார். ஒவ்வொரு வீடும் வீணாகக் கிடக்கும் மரத்தைக் கொதிகலன் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'சுத்தமான மரம்' என்று துண்டறிக்கையில் போட்டிருந்தார். சாயம் பூசாதது என்ற பொருளில் போட்டார். ஊர் அதை ஊருக்கே உரிய பொருளில் எடுத்துக்கொண்டது. நேற்று ரொட்டிக்கடை ஏதி தன் பன்றிக்கொட்டில் கதவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எரிக்கப் போவதுதானே என்றேன். "எரியறதுக்கு முன்னாடி எல்லாரும் பாப்பாங்களே. அழுக்குக் கதவைக் கொண்டு போய் நடுமுற்றத்துல வைக்க நான் என்ன வெட்கம் கெட்டவளா?" என்றாள்.

மேசை நலம்.

ஹெர்லுஃப்


கிளாக்ஸ்விக், 3 ஜூலை 1987

அன்புள்ள தம்பிக்கு,

நலம். களிம்பு வேலை செய்கிறது. ஹானுஸ் கொஞ்சம் கனைக்கிறார்.

ஏதியின் கதவை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். மர நாளில் என்ன ஆயிற்று என்று எழுது.

மேசை நலம் என்று மட்டும் எழுதுகிறாய். அது எனக்குப் போதவில்லை. அது நனையாமல் இருக்கிறதா?

ஆஸ்டா


லுண்ட்ஹாவ்ன், 2 செப்டம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை. நலமாகவே இருக்கிறேன். நீங்களும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

மர நாளைக் கேட்டாய். கொடி ஏற்றினோம். ஏதி முதலில் வந்தாள். கதவைத் தேய்த்தும் மனம் ஆறாமல் வெள்ளைச் சாயம் பூசியிருந்தாள். அடுத்து வந்தவர் தன் வேலிப் பலகைகளுக்கு நீலம் பூசியிருந்தார். தபால்காரர் ஆறு சமையலறை நாற்காலிகளைக் கொண்டுவந்தார். எல்லாம் புதுச் சிவப்பு. "பழசுதான், பரவாயில்ல" என்றார். அதன் பிறகு கதவும் வேலியும் கொண்டுவந்தவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பிப் போய், வீட்டில் நன்றாக இருந்த நாற்காலிகளை எடுத்து, சாயம் பூசி, ஈரம் காயாமலேயே கொண்டுவந்தார்கள். மாலைக்குள் முற்றத்தில் ஒரு மலை. பார்க்க அழகாக இருந்தது. அதில் ஒரு குச்சியைக்கூட எரிக்க முடியாது.

அன்கர் பிலே அந்த மலையை மூன்று முறை சுற்றி வந்தார். "உற்சாகத்தைப் பாராட்டணும்" என்றார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஏதிக்கு வருத்தமாகுமே. அறுவை ஆலையின் துண்டுகளோ மழையில் நனைந்து கிடந்தன. ஆய்வாளர் வர ஏழு நாள்.

இந்த நேரத்தில் ஏதி என்னைப் பார்த்து, "எல்லாரும் கொண்டு வந்தாச்சு. கொதிகலன்காரரே, நீங்க என்ன கொண்டு வந்தீங்க? இல்ல, இன்னும் தீர்மானிக்கலையா?" என்றாள். எல்லோரும் மென்மையாகச் சிரித்தார்கள்.

சோதனை எரிப்பு நல்லபடியாக நடந்தது. எங்கிருந்தோ கொஞ்சம் நன்றாகக் காய்ந்த மரம் கிடைத்தது. ஆய்வாளர் புகையைப் பார்த்து, "மோசமில்ல" என்றார். நம் ஊரில் இதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது என்று உனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு ஹெர்ரிங் மீன் கொழுப்பாக இருக்கிறது.

ஹெர்லுஃப்


லுண்ட்ஹாவ்ன், 6 செப்டம்பர் 1987

ஆஸ்டா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வேண்டியது முறை, கேட்கிறேன். பதினோரு ஆண்டுக்குப் பிறகு எழுதுவதால் கை பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. நான் நலம். பள்ளிப் பேருந்தைத்தான் இன்னும் ஓட்டுகிறேன்.

ஹெர்லுஃப் அண்ணன் மேசையை எரிக்கக் கொடுத்துவிட்டான்.

உட்கார்ந்து படி. மேசை எரியவில்லை.

சோதனை எரிப்பு நாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கொதிகலன் பக்கமாகத் திரும்பி வந்தேன். முற்றத்தில் மரம் நறுக்கும் இயந்திரம் சும்மா நின்றது. மணி ஒன்பதரை. எல்லோரும் காபிக்குப் போயிருந்தார்கள். இயந்திரத்தின் வாய்க்கு முன்னால் அம்மாவின் மேசை, கால் நான்கையும் கழற்றிக் கிடத்தியிருந்தது. பலகை வாயைவிட அகலம். அறுத்துப் போடலாம் என்று வைத்திருக்கிறார்கள். நாற்காலிகளைத் தேடினேன். மறுபக்கம் சில்லுகளாகக் குவிந்திருந்தன. நல்ல ஓக் மணம்.

நிலக்கரி வராததால் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் ஸ்வென் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக மேசையைப் பேருந்தின் நடுவழியில் ஏற்றினோம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். "எதை?" என்றார். நல்ல மனிதர்.

காபி முடிந்து வந்தவர்கள், மேசையை அறுத்து உள்ளே விட்டது இவர் என்று அவரும், அவர் என்று இவரும் நினைத்திருக்கிறார்கள். கேட்டால் குறை சொல்வதுபோல் ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எரிந்துவிட்டது என்றுதான் ஹெர்லுஃப் நம்புகிறான்.

மேசை இப்போது என் முன்னறையில் சாய்ந்து நிற்கிறது. சமையலறைக் கதவைத் திறக்க முடியவில்லை, ஜன்னல் வழியாகப் போய் வருகிறேன். அதை என்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை நீ நம்பினாலும் சரி. அவனிடம் சொல்லிவிடட்டுமா?

ரிக்மோர்


கிளாக்ஸ்விக், 20 செப்டம்பர் 1987

ரிக்மோருக்கு,

நலம். நீ நலம் என்பதில் மகிழ்ச்சி.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அவனைத் திட்டிக்கொண்டு. இரண்டாம் முறை உன்னை. மூன்றாம் முறை நீ ஜன்னல் வழியாகச் சமையலறைக்குப் போகும் இடம் வந்தபோது ஹானுஸ் ஓடிவந்து, "என்ன ஆச்சு, அழறியா?" என்றார். அழவில்லை.

சொல்லாதே. அவனே சொல்லட்டும். ஒரு தடவையாவது அவன் தானாக வாயைத் திறக்க வேண்டும்.

நீ அதை உனக்காக எடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். வேண்டுமென்றிருந்தால் எனக்கு எழுதாமல் ஒளித்து வைத்திருப்பாய்.

தட்டையாகக் கிடத்தி வைக்க இடம் இருக்கிறதா? ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் பலகை வளையும்.

ஆஸ்டா


கிளாக்ஸ்விக், 21 செப்டம்பர் 1987

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மர நாள் விவரம் அருமை. கடைசியில் ஹெர்ரிங் மீனுக்கு வந்துவிட்டாய். அது கொழுப்பாக இருப்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சி.

ஒரு சின்ன உதவி. தேவாலயத்தில் எனக்கு உறுதிபூசுதல் நடந்த நாள் விருந்தில் அம்மா கொதிக்கும் காபிப் பானையை மேசைமேல் வைத்து ஒரு வட்டத் தடம் விழுந்ததே, ஜன்னல் பக்கத்திலிருந்து மூன்றாவது இடம். அது இன்னும் இருக்கிறதா என்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து எழுதேன். அவசரமில்லை.

அன்புடன்,
ஆஸ்டா


லுண்ட்ஹாவ்ன், 25 அக்டோபர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே குளிர் வந்துவிட்டது. ஆனால் வீடுகள் சூடாக இருக்கின்றன. கொதிகலன் இருமவில்லை. ஆலைக்காரர்கள் துண்டுகளைக் கூரைக்குள் அடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். துவைத்துக் காயப்போட்ட படுக்கைவிரிப்புகள் முதல் முறையாக வெள்ளையாகவே வீட்டுக்குத் திரும்புகின்றன. ஊர்ப் பெண்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு நாள் விடாமல் துவைக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் மாலையில் முகம் கழுவும்போது தண்ணீர் கறுப்பதில்லை. கண்ணாடியில் யாரோ தெரிகிறார்.

சாயம் பூசிய மலை மட்டும் முற்றத்தில் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வது என்று ஆராய ஒரு குழு அமைத்திருக்கிறோம்.

காபித் தடத்தைக் கேட்டிருந்தாய். நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்தது.

ஹெர்லுஃப்


லுண்ட்ஹாவ்ன், 15 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ அனுப்பிய உலர்ந்த ஆட்டிறைச்சி வந்தது. மணம் என் பள்ளிப் பேருந்து வரை போயிருக்கிறது. பிள்ளைகள் என்மேல் புகார் செய்யப் போகிறார்கள்.

அவனைப் பற்றி. உன் காபித் தடம் வேலை செய்திருக்கிறது, நாம் நினைத்த வழியில் அல்ல. அவன் கொட்டகையில் ஒரு மாதமாக ஏதோ அறுக்கும் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மேசை செய்கிறான். புது ஓக் பலகை வாங்கி, அளவை நினைவிலிருந்து எடுத்து. சவப்பெட்டித் தொழிற்சாலைத் தச்சர் வழி சொல்லிக்கொடுக்கிறார் போலும். நீளம் சரி. ஆனால் நடுவில் அகன்று இரு முனையிலும் குறுகுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் சவப்பெட்டி மூடிதான்.

சூடான பானையை அதன்மேல் வைத்துவிட்டு, எடுத்து, விழுந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான், அக்கா. பிறகு தலையை அதன்மேல் வைத்து உட்கார்ந்துவிட்டான். நான் சிரித்தபடிதான் வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் ஏறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. போதுமா? சொல்லிவிடலாமா?

ரிக்மோர்


லுண்ட்ஹாவ்ன், 29 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நான் அவ்வளவு நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மேசை இல்லை. ஆகஸ்ட் 28ஆம் தேதி காலையில் நான்தான் அதைக் கொடுத்தேன். நாற்காலிகளையும் சேர்த்து. கொதிகலனில் போய்விட்டது. காபித் தடத்தைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஏதி கேட்டதற்காக என்று எழுதலாம். காய்ந்த, சாயமில்லாத மரம் ஊரிலேயே அது ஒன்றுதான் என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. ஆனால் அதற்காக மட்டும் கொடுக்கவில்லை. பதினோரு ஆண்டாக ஒவ்வொரு ஞாயிறும் தார்ப்பாயைத் தூக்கி, ஈரமில்லை என்று பார்த்து, மூடிவிட்டு வந்தேன். அதில் யாரும் சாப்பிடவில்லை. நான் காத்தது மேசையை இல்லை, உங்கள் சண்டையை. அதற்குத்தான் ஒரு துளி ஈரம் படாமல் பார்த்துக்கொண்டேன். அன்று காலை நாற்காலிகள் போனபோது ஒரு கணம் இலேசாக இருந்தது. காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்து காலி இடத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

வேறொன்று செய்து பார்த்தேன். அதை யாருக்கும் காட்ட முடியாது.

ரிக்மோரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை போய்ச் சொல்கிறேன். நீங்கள் இருவரும் என்னுடன் பேசாமல் போனால் அது நியாயம். ஆனால் அப்போது நீங்கள் இருவரும் முதல் முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருப்பீர்கள்.

தீர்மானித்துத்தான் எழுதுகிறேன்.

ஹெர்லுஃப்


கிளாக்ஸ்விக், 8 டிசம்பர் 1987

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. ரிக்மோர் அதற்கு முன்பே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள். நீ அவள் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் சொல்லி முடித்தாயாம். அவள் உன்னை முன்னறைக்குள் கூட்டிப்போனாளாம். அங்கே இருந்ததைப் பார்த்துவிட்டு நீ, "ஏன் சமையலறைக் கதவை அடைச்சு வெச்சிருக்க?" என்று கேட்டாயாம். இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். நானும்தான். தொலைபேசிக் கட்டணத்தை நினைத்து ஹானுஸ் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்களுக்குச் செப்டம்பரிலேயே தெரியும். உன்னைக் காக்க வைத்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். அதிகம் இல்லை, ஆனால் வெட்கம்தான்.

சண்டையைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை ரிக்மோருக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினேன். மேசை யாருக்கு என்று ஒருவழியாகப் பேசினோம். குடும்பத்தைச் சேர்த்து வைத்தது யார் என்று கணக்குப் பார்த்தால் அது நீயாக இருந்துவிடுமோ என்று எங்கள் இருவருக்கும் பயம் வந்தது. ஆகவே அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டோம்.

இருபதாம் தேதிக் கப்பலில் நானும் ஹானுஸும் வருகிறோம். கிறிஸ்துமஸ் விருந்து ரிக்மோர் வீட்டில், அம்மாவின் மேசையில். வாத்துக்கறி அவள் பொறுப்பு. ஏதியையும் அன்கர் பிலேயையும் ஸ்வென்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். உன் சவப்பெட்டி மூடியையும் கொண்டுவா, பலகாரங்களை அதன்மேல் வைக்கலாம்.

ஒன்று மட்டும் குறை. உட்கார நாற்காலி இல்லை, நீ எரித்துவிட்டாய். முற்றத்தில் இருக்கும் மலையிலிருந்து பன்னிரண்டை எடுத்து வா. குழுவிடம் கேட்காதே. எல்லாம் புதுச் சாயம் பூசியவை என்று நீயே எழுதியிருக்கிறாய், பார்வைக்கும் நன்றாக இருக்கும். தபால்காரர் தன்னுடையதை அடையாளம் கண்டுகொண்டால், "பழசுதான், பரவாயில்ல" என்று சொல்.

அன்புடன்,
உன் அக்கா
ஆஸ்டா